எலி இருந்த பந்தி

14 நவம்பர், வெள்ளி

விடியலிலிருந்து மழை. குடையைக் காணவில்லை.

என் கட்டுரை பத்திரிகையின் ஐந்தாம் பக்கத்தில். தலைப்பு அவர்கள் வைத்தது: ‘புற்றுக்கட்டியின் இரத்தக் குழாய்களை அடக்கும் கொழுப்புக் குளிசை’. கொலஸ்ட்ரோலுக்குப் பலரும் போடும் மாத்திரைதான். கடைசிப் பந்தி இல்லை. அந்த இடத்தில் கூரை ஓட்டு விளம்பரம். இதெல்லாம் எலிகளில் மட்டும் பார்த்தது என்று அந்தப் பந்தியில்தான் எழுதியிருந்தேன்.

இடம் போதாவிட்டால் கீழிருந்து வெட்டுவார்கள். முப்பது வருடமாகத் தெரியும். தெரிந்தும் எலியைக் கீழே வைத்தேன், தொடக்கம் சுவையாக இருக்கட்டும் என்று.

ஜும்ஆத் தொழுகை முடிந்து செருப்புத் தேடும்போது இருவர் கைகொடுத்துப் பாராட்டினார்கள். ஒருவர் குளிசையின் நிறம் கேட்டார்.

18 நவம்பர், செவ்வாய்

வெயில். வாங்க: பேட்டரி, சீனி, குடை.

மருதமுனை, கூடப்பிறந்த ராத்தா வீடு. அவருடைய மார்புப் புற்றுக்கட்டிக்கு மட்டக்களப்பில் மருந்தேற்றுகிறார்கள். நேற்று மூன்றாம் தடவைக்குப் போயிருக்க வேண்டும். ராத்தா போகவில்லை.

மேசையில் பிஸ்கட் டின். உள்ளே நாலு வீட்டார் கொண்டுவந்த கொழுப்புக் குளிசை. நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகமாட்டார்கள் இங்கே. இந்தத் தடவை அப்பிளுக்குப் பதில் இது. வழக்கமாக இரவில் ஒன்று போடுகிற ராத்தா மூன்று போட்டிருக்கிறார். தொடை நோகிறதாம்.

“மருந்தேத்தினா சோறு இறங்குதில்ல தம்பி. நீ எழுதினா சரியாத்தானே இரிக்கும்.”

எலி, வெட்டுப்பட்ட பந்தி, எல்லாம் சொன்னேன். கட்டி சாப்பிடுவது அந்தக் குழாய்கள் வழியாக. எலிகளில்கூடக் குளிசையைப் பெரிய அளவில் கொடுத்தபோது குழாய் அடங்கியது, சிறிய அளவில் கொடுத்தபோது புதிதாய் முளைத்தது. மனிதரில் எப்படியோ, தெரியாது.

டின் மூடியை அழுத்தி மூடினார்.

“எலியென்டு ஒரு சொல்லு மேல கிடந்திருந்தா நான் போயிருப்பனே.”

19 நவம்பர், புதன்

வார்டுக்குப் போன் எடுத்தேன். நாளை வரட்டுமாம். டாக்டர் பார்க்கும்வரை கொழுப்புக் குளிசை எதுவும் வேண்டாம்.

பத்திரிகைக்குத் திருத்தம். மூன்று வரி. முதற் சொல் ‘எலிகளில்’.

20 நவம்பர், வியாழன்

தூறல். மட்டக்களப்பு பஸ். ராத்தா ஜன்னல் பக்கம், மடியில் டின், டாக்டருக்குக் காட்ட.

கல்லாற்றுப் பாலத்தில் கேட்டார்: “அந்த எலியெல்லாம் பொறகு சுகமாயிட்டா?”

குழாய்களை எண்ணுவதற்காக எல்லாவற்றையும் கொன்றுதான் கட்டியை வெட்டிப் பார்த்தார்கள். கடைசிப் பந்தியில்கூட இதை நான் எழுதவில்லை. சொன்னேன்.

ஆஸ்பத்திரி வாசல். இறங்கும்போது டின்னை என்னிடம் தந்தார்.

“எலியெல்லாம் செத்ததையும் எழுது. மேல எழுது.”