வயிற்றால் ஏறிய பகிடி

மாமா,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்கள் இருந்திருந்தால் இப்போது முன்னறையிலிருந்து குரல் வந்திருக்கும். "பிள்ளை, லைற்றை நூர்த்துப்போட்டுப் படு. காலமை பெடியன் வெள்ளண எழும்பப்போறான்." பன்னிரண்டு மணி தாண்டிவிட்டது. ஆரூரன் நித்திரை. உங்கடை மகனும் நித்திரை. எனக்குத்தான் வரவில்லை.

மேசையில் இரண்டு சாமான்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. ஒன்று, நீங்கள் பொலித்தீன் சுற்றி இரண்டு முனையிலும் றப்பர் பாண்ட் போட்டு வைத்த ரீவி றிமோட். நீங்கள் கண்ணை மூடி எட்டு மாதமாகியும் அதைக் கழற்ற ஒருவருக்கும் மனம் வரவில்லை. சத்தம் கூட்டுகிற பொத்தானுக்கு மேலே மட்டும் பொலித்தீன் தேய்ந்து ஓட்டையாகி, பொத்தானில் இருந்த அடையாளமும் அழிந்துவிட்டது. குறைக்கிற பொத்தான் கடையில் வாங்கின நாளில் இருந்தது போலவே இருக்கிறது. மற்றது, இன்றைக்கு யாழ்ப்பாணத்தில் தந்த ஒரு சின்னப் பெட்டி. உள்ளே இரண்டு காது மெசின்கள், முந்திரிப்பருப்பை விடக் கொஞ்சம்தான் பெரிசு. படுக்கும்போது கழற்றி வைக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் பெட்டியைத் திறந்து, இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

அவை ஆரூரனுடையவை, மாமா. உங்கள் பேரனுக்குக் காது கேட்பது மிகவும் குறைவு.

எழுதிவிட்டேன். இனிக் கொஞ்சம் ஆறுதலாக எழுதலாம்.

நான் உடுவிலில் இருந்து உங்கள் சாவகச்சேரி வீட்டுக்கு வந்தபோது எனக்கு விளங்காத முதல் விசயம், இந்த வீட்டில் ஒருவர் சிரிக்கும்போது மற்றவர்கள் அவரைப் பைத்தியமாகப் பார்ப்பதுதான். உங்கடை மகனுக்கு இந்தியச் சானல். மேடையில் நாலு பேர் நின்று ஒருவரை ஒருவர் மூச்சு விடாமல் நக்கலடிப்பார்கள்; பார்த்துக்கொண்டிருக்கிற நடுவர் கதிரையோடு சரிவார்; இவரும் கதிரையோடு சரிவார். அடுத்த நாள் முழுக்க மெட்ராஸ்காரர் மாதிரிக் கதைத்துக்கொண்டு திரிவார். உங்கள் மகள் துளசிக்குக் கைப்போன். கனடாவில் இருக்கிற எங்கடை பெடியள் சேலை கட்டி, அம்மாமார் மாதிரி வேசம் போட்டு நடிக்கிற அரை நிமிடத் துண்டுகள். அவள் சிரிப்பது மூக்கால். "ஃப்" என்று ஒரு காற்று, அவ்வளவுதான், அடுத்ததுக்குத் தள்ளிவிடுவாள். நீங்கள் ஏழு மணிக்கு முன்னறையில் பாயை விரித்து, தலையணையை இரண்டாக மடித்து வைத்துக்கொண்டு, சிங்கள நாடகத்தைப் போடுவீர்கள்.

நாடகத்தில் கனமான வசனம் ஒன்றும் இல்லை. ஒரு தடித்த மனிசன் பெரிய குடையோடு பஸ்ஸில் ஏறப் பார்ப்பான். குடை குறுக்கே நிற்கும். நேராகப் பிடித்தால் கூரையில் இடிக்கும். சரித்தால் கொண்டக்டரின் வயிற்றில் குத்தும். ஐந்து நிமிடம் இதுதான். நடுவில் நடுவில் பதிவு செய்த சிரிப்புச் சத்தம் வரும்.

"உதிலை என்னப்பா பகிடி கிடக்கு? ஒரு குடை, ஒரு பஸ்" என்பார் உங்கடை மகன்.

"உன்ரை ஆக்கள் வாயாலை அடிபடுறாங்கள். இவன் முழங்காலாலை சிரிக்க வைக்கிறான். நீ அவன்ரை முழங்காலைப் பார்."

"முழங்காலைப் பாத்துச் சிரிக்கிறதுக்கு எனக்கு உங்களைப் பாத்தாலே காணும்."

"ஓமடா, அதுக்கும் சிரி. ஆனால் சத்தத்தைக் குறைக்காதை."

வீட்டில் எல்லோரிடமும் இதற்கு ஒரு விளக்கம் இருந்தது. நீங்கள் தெற்கே மாத்தறையில் ஒரு சுருட்டுக்கடையில், கலவரத்தில் அது எரியும்வரை, பதினாறு வருடம் நின்றவர், அதனால் தெற்கத்தி ரசனை. வயது போனவர், அதனால் மெதுவான பகிடி. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒருநாள் மட்டும் கேட்டேன், "அந்தக் கடையை எரிச்ச சனத்தின்ரை நாடகத்தை எப்பிடி மாமா பாக்கிறியள்?" நீங்கள் ரீவியில் இருந்து கண்ணை எடுக்காமலே சொன்னீர்கள். "எரிச்ச நாள் ஒண்டு, பிள்ளை. கடை வாசலிலை குந்தியிருந்து என்னோடை சிரிச்ச நாள் எத்தினை?"

ஆரூரன் பிறந்த பிறகு நான் பயப்படாத விசயம் இல்லை. நிறை காணாதோ, தொண்டையில் சோறு சிக்குமோ, கொசு கடிக்குமோ, பக்கத்து வீட்டுப் பூனையின் மயிர் மூக்குக்குள் போகுமோ. ரீவிக்கும் பயந்தேன். "இரண்டு வயதுக்கு முதல் பிள்ளைக்கு ரீவி காட்டக்கூடாது மாமா. கண்ணுக்கும் கூடாது, மூளைக்கும் கூடாது." படித்த மருமகள் சொன்னதை நீங்கள் தட்டவில்லை. அடுத்த நாள் ஏழு மணிக்கு அவனைத் தூக்கி, ரீவிக்கு முதுகு இருக்கத்தக்கதாக, உங்கள் முகத்தைப் பார்க்கத்தக்கதாக, வயிற்றின் மேல் இருத்தினீர்கள்.

"நான் என்ன மாமா சொன்னனான்?" என்று நான் குசினியில் இருந்து வந்தேன்.

"நான் பிள்ளைக்கு ரீவியைக் காட்டேல்லையே. ரீவிக்குத்தான் பிள்ளையின்ரை முதுகைக் காட்டுறன்."

அப்படித்தான் தொடங்கியது. ரீவி சிரிக்கும், நீங்கள் சிரிப்பீர்கள், உங்கள் வயிறு குலுங்கும், மேலே இருக்கிறவனும் எச்சில் வடியச் சிரிப்பான். திரும்பிப் பார்க்கமாட்டான். ஆனால் சிரிக்கிற இடம் ஒன்றையும் தவறவிடமாட்டான். இவருடைய நிகழ்ச்சி நடக்கும்போது இவர் பக்கத்தில் அவனை இருத்தினால் நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பான். வீடே அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தது. ஒரு வயதுக்குள் பெடியனுக்கு ரசனை வந்துவிட்டது, அதுவும் அப்பப்பாவின் ரசனை. "முதுகாலை நாடகம் பாக்கிற ஒரே பிள்ளை இவன்தான்" என்றாள் துளசி.

"இவனுக்குப் பகிடி என்ரை வயித்தாலைதான் ஏறுது, பிள்ளை" என்று நீங்கள் ஒருநாள் சொன்னீர்கள்.

"அப்ப சாப்பாடும் உங்கடை வயித்தாலையே ஏறட்டும். இந்தாங்கோ, சோத்தைத் தீத்துங்கோ" என்று சோற்றுக் கோப்பையை உங்கள் கையில் வைத்துவிட்டுப் போனேன்.

பாருங்கள் மாமா, எல்லாவற்றுக்கும் பயந்த நான் அவனுடைய காதுக்கு மட்டும் பயப்படவில்லை. பிறந்த கிழமைகளில் காதுச் சோதனைக்கு வரச்சொன்ன நாளன்று பெருமழை, ஒழுங்கையில் முழங்கால் வெள்ளம். போகவில்லை. பிறகு போவம் என்று விட்டேன், பிறகு தேவையில்லை என்று விட்டேன். முதுகுக்குப் பின்னால் போகிற நாடகத்துக்குச் சரியான இடத்தில் சிரிக்கிற பிள்ளைக்குக் காது கேட்காது என்று யார் நினைப்பார்கள்?

நீங்கள் போன பிறகு அவன் சிரிப்பதை விட்டுவிட்டான். "அப்பப்பாவைத் தேடுறான்" என்று அயலில் சொன்னார்கள். நானும் அதைத்தான் நம்பினேன். வார்த்தையும் வரவில்லை. "ஆம்பிளைப் பிள்ளையள் சுணங்கித்தான் கதைப்பினம்" என்றார்கள். அதையும் நம்பப் பார்த்தேன். வைகாசி மாதம் ஒருநாள் பின்னேரம் துளசி, "அண்ணி, அப்பா மாதிரியே செய்து பாப்பம்" என்றாள். பாயை விரித்தோம். தலையணையை இரண்டாக மடித்தேன். உங்கள் இடத்தில் நான் படுத்து, அவனை ரீவிக்கு முதுகு காட்டி என் வயிற்றில் இருத்தினேன். குடைக்காரன் வந்தான். ரீவி சிரித்தது.

ஆரூரன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அசையவில்லை. ரீவி இன்னும் பலமாகச் சிரித்தது. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

எனக்குச் சிங்களம் தெரியாது. அதோடு, உங்களுக்கே தெரியும், நான் லேசில் சிரிக்கிற ஆள் இல்லை. மற்றவர்கள் சிரித்து முடிந்த பிறகு, சிரிக்கலாமோ என்று பார்த்துச் சிரிக்கிற ஆள். துளசி பார்த்தாள், எங்களைச் சிரிக்க வைக்கிறேன் என்று உங்கள் பழைய குடையை எடுத்துக்கொண்டு ரீவிக்குப் பக்கத்தில், குசினி வாசலில், அந்தத் தடித்த மனிசன் மாதிரி நுழையப் பார்த்தாள். குடை பட்டென்று விரிந்து, தட்டில் இருந்த இடியப்பமாத் தகரப்பேணியை இழுத்து விழுத்தியது. பேணி சீமெந்து நிலத்தில் விழுந்த சத்தத்துக்குப் பக்கத்து வளவு நாய் குலைத்தது. துளசி தலை முதல் கால் வரை வெள்ளை. "அண்ணி, நான் செத்திட்டனே?" என்று கேட்டாள்.

நீங்கள் போன பிறகு அன்றைக்குத்தான் நான் சிரித்தேன். அடக்க முடியாத சிரிப்பு, வயிறு நொந்தது. மேலே ஆரூரன் குலுங்கினான். குலுங்கிக்கொண்டே, வாயெல்லாம் எச்சிலாக, அவனும் சிரித்தான். அந்தப் பழைய சிரிப்பு.

பிறகு நான் நிறுத்தினேன். அவனும் நிறுத்தினான். ரீவி சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. பேணி விழுந்தபோது அவன் திரும்பவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நாய் குலைத்ததற்கும் திரும்பவில்லை.

"அண்ணி," துளசியின் குரல் மாறிவிட்டது, "ஒருக்காச் சும்மா வயித்தை ஆட்டுங்கோ. வாயைத் திறக்காமல்."

ஆட்டினேன். சிரித்தான். துளசி அவன் தலைக்குப் பின்னால் நின்று கையை அடித்தாள், மா பறந்தது. அவன் என் முகத்தில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

அந்த நேரம் எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். அது பிறகு வந்தது, வந்து மூன்று கிழமை நித்திரையைக் கொண்டுபோனது. ஆனால் முதலில் வந்தது பயம் இல்லை, மாமா. செல்வச்சந்நிதியில் தேர் அசையத் தொடங்கும்போது நெஞ்சுக்குள் ஒன்று வருமே, அது. கேளாத ஒரு பிள்ளை, பார்க்காத ஒரு நாடகத்துக்கு, தெரியாத ஒரு பாசையில், ஒரு இடம் தவறாமல் சிரித்திருக்கிறான். மாத்தறைப் பக்கத்து ஆரோ எவரோ எழுதின பகிடி உங்கள் வயிறு வழியாக அவன் கால்களுக்கும் முதுகெலும்புக்கும் போயிருக்கிறது. நாங்கள் மூன்று பேர், இரண்டு காதும் நன்றாகக் கேட்கிறவர்கள், எது பகிடி எது பகிடி இல்லை என்று இதே முன்னறையில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தோம்.

பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. எங்கள் எல்லோரையும் படலையில் இருந்தே கத்திக் கூப்பிடுகிற நீங்கள், ஆரூரனை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வாதம் பிடித்த முழங்காலை ஊன்றி எழும்பி, அவனிடம் நடந்து போய், தோளைத் தொடுவீர்கள். அவன் திரும்பின பிறகுதான் கதைப்பீர்கள். நாடியைப் பிடித்து முகத்தை உங்கள் பக்கம் வைத்துக்கொள்வீர்கள். கிழவருக்குப் பேரனில் அவ்வளவு பட்சம் என்று நினைத்தேன். உங்களுக்கே காது மந்தம் என்பதை, நாங்கள் சத்தத்தைக் குறை சத்தத்தைக் குறை என்று உங்களை ஏசுகிற அளவுக்கு மட்டும்தான் அறிந்திருந்தோம்.

சோதனைகள் எல்லாம் முடிந்து, இன்றைக்கு ஆஸ்பத்திரியில் மெசின் பூட்டினார்கள். வருகிற வழியில் பஸ் ஹோன் அடிக்க அவன் என் கழுத்தைக் கட்டிப்பிடித்தவன் கைதடி தாண்டித்தான் விட்டான். வீட்டுக்கு வந்து எல்லாச் சத்தத்துக்கும் முழித்தான், தண்ணீர்க்குழாய்க்கு, செருப்புக்கு, தன்னுடைய இருமலுக்கும். ஏழு மணிக்கு இவர் தன் சானலை விட்டுச் சிங்கள நாடகத்தைப் போட்டார். ரீவி சிரித்தது.

ஆரூரன் திடுக்கிட்டான். ரீவியைப் பார்க்கவில்லை, மாமா. நீங்கள் பாய் விரிக்கிற இடத்தைப் பார்த்தான். அங்கே வெறும் நிலம். பிறகு தத்தித் தத்தி என்னிடம் வந்து, உள்ளங்கையை என் வயிற்றில் வைத்து, அண்ணாந்து பார்த்தான். அங்கே அசைவு இல்லை. சிரிப்பு வருகிறது, வயிறு அசையவில்லை. அது எப்படி என்று கேட்கிற முகம்.

என்ன செய்வேன்? சிரித்தேன். கண்ணால் தண்ணீர் ஓட ஓடச் சிரித்தேன். அவன் கை வயிற்றில் இருந்து நெஞ்சுக்கு ஏறி, கழுத்துக்கு ஏறி, என் வாயில் வந்து நின்றது. என் வாயைக் கையால் பொத்திப் பார்த்தான். எடுத்துப் பார்த்தான். பிறகு அவன் சிரித்தான், தன் சிரிப்பைத் தானே கேட்டு நின்றான், திரும்பவும் சிரித்தான். உங்கடை மகன் எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டார். கனநேரம் வரவில்லை.

மெசின் பூட்டினாலும் தொட்டுக் கதையுங்கோ, முகத்தைக் காட்டிக் கதையுங்கோ, மடியிலை வைச்சுச் சிரியுங்கோ என்று ஆஸ்பத்திரியில் சொல்லித் தந்தார்கள். எல்லாம் நீங்கள் செய்தவை. அதனால் இனி ஏழு மணிக்குப் பாய் விரிப்பது நான். லேசில் சிரிக்காத ஆள் வயிற்றால் சிரிக்கப் பழகுகிறேன். அந்தத் தடித்த மனிசனின் முழங்காலையும் பார்க்கிறேன். நீங்கள் சொன்னது சரி.

ஒன்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். இன்றைக்கு நித்திரை வராததும் அதனால்தான். பகிடி உங்கள் வயிற்றால் ஏறுகிறது என்று அன்றைக்குச் சொன்னீர்களே, தெரிந்துதான் சொன்னீர்களா? தெரிந்தும், நான் பயந்து சாவேன் என்று பகிடியாக்கிச் சொன்னீர்களா? நான் கோப்பையைக் கையில் தந்துவிட்டுப் போகாமல் ஒரு நிமிடம் நின்றிருந்தால் மிச்சத்தையும் சொல்லியிருப்பீர்களா? இல்லை, ஒன்றும் தெரியாமலே, உங்கள் காது போன வழியில் அவன் காதையும் கண்டு, கை தானாகவே அவனைத் தொட்டதா? எதுவென்றாலும் நான் கோபிக்கமாட்டேன்.

கூப்பிட்டால் நீங்கள் உடனே பதில் சொன்ன ஆள் இல்லை. மூன்றாம் தரம் கத்தினால்தான் "என்ன பிள்ளை?" என்பீர்கள். இதை மூன்றாம் தரமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கெதியாப் பதில் போடுங்கோ, மாமா.

உங்கடை
பிள்ளை