ஐசக் குடித்த டீ

உத்திரமேரூர்
24 பிப்ரவரி 2025

அன்பு மருமகள் பிரிஸ்கில்லாவுக்கு, தோத்திரத்துடன் மாமன் ஞானதாஸ் எழுதுவது.

இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போகும் கதையைப் பூமியில் ஒருத்தரும் நம்பப்போவதில்லை என்று வேதப்புத்தகத்தின்மேல் கை வைக்காத குறையாக உறுதி கூறுகிறேன். நீயும் நம்ப வேண்டாம். படித்ததும் மடித்து வைத்துவிட்டுப் பாடத்தைப் பார்.

"பதினைஞ்சு நாள்ல நம்ம மெடிக்கலுக்கு வேற பார்மசிஸ்ட் கிடைக்கலன்னா, ஜிபேட் பரீட்சையாவது ஒண்ணாவது, கோச்சிங்கை விட்டுட்டு வந்து என் நாற்காலில உட்கார்ந்துடுவேன்" என்று பஸ் படியில் நின்று என்னை மிரட்டிவிட்டுப் போனாய். போன வருஷம் கடையிலேயே உட்கார்ந்து, மாத்திரை கொடுத்துக்கொண்டே படித்து, ஆறு மார்க்கில் கோட்டைவிட்டவள் நீ. இந்த வருஷமும் அப்படி ஆகக் கூடாது. எனக்கு முப்பது வருஷ அனுபவம் இருக்கிறது, படிப்பு எட்டாவது. சட்டம் படிப்பைத்தான் கேட்கிறது.

ஆள் கிடைத்துவிட்டார்.

கடை வாசலில் அட்டை தொங்கவிட்ட மறுநாள் காலை, பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏரிக்கரை வரை பார்மசிஸ்டுகள் வரிசையில் நின்றார்கள். மதுராந்தகம் பஸ்ஸை வேறு வழியாகத் திருப்பி விட்டார்கள். இத்தனை பேரில் யாரை எடுப்பது? நம்ம ஊருக்கென்று ஆயிரம் வருஷத்து வழக்கம் ஒன்று இருக்கிறதே, பேரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கினேன். குடம் அகப்படவில்லை, குளுகோஸ் டப்பாதான். வந்த பேர் ஐசக். கூரத்துக்காரர்.

உயரத்தைக் கேட்காதே. ஃபேனை நிறுத்தினால்தான் கடைக்குள் வருவார். டாக்டர் சீட்டைக் கண்ணால் பார்ப்பதில்லை, விரலால் தடவியே படித்துவிடுகிறார். கோயில் சுவரில் இருக்கிற கல்வெட்டைப் படிக்க எங்கிருந்தோ எல்லாம் ஆள் வருகிறார்கள். நம்ம டாக்டர் எழுத்தைப் படிக்க இப்போதுதான் ஒருத்தர் பிறந்திருக்கிறார். நேற்று டாக்டரே கம்பவுண்டரை அனுப்பினார்: "போன வாரம் நான் இன்னா எழுதினேன்னு ஐசக் சாரைக் கேட்டுக்கினு வா."

எதிர்க்கடை சிட்டம்மாள் வழக்கம்போலப் பத்து மணிக்கு இரண்டு டீ கொண்டுவந்து வைக்கிறாள். உன் டீயை ஐசக் குடித்துவிடுகிறார். ஒரே மடக்கு.

ஆகையால் திரும்பி வந்தாலும் உனக்கு உட்கார இடமில்லை. தப்பான விடைக்கு ஒரு மார்க் பிடுங்கிக்கொள்வார்களாமே, ஜாக்கிரதை. அந்தச் சட்டம் கடிதங்களுக்கும் வந்தால் உன் மாமன் பூஜ்யத்துக்குக் கீழே எங்கேயோ கிடப்பான்.

உன் மாமன்,
ஞானதாஸ்

*

ஹைதராபாத்
12 மார்ச் 2025

அன்புள்ள மாமாவுக்கு, தோத்திரம்.

உங்க கடிதம் வந்தது. போனை முதல் நாளே வார்டன் வாங்கி பீரோவில் பூட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் மட்டும் அம்மாவிடம் பேசலாம். அறையில் ஆறு பேர். ஐந்து பேரும் தெலுங்கு. நல்ல பிள்ளைகள்தான், ஊறுகாய் கொடுக்கிறார்கள். ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தைத் தவிர நான் தமிழில் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது உங்க கடிதத்தைப் பிரித்தபோதுதான் தெரிந்தது. மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்ச் சத்தமாகப் படித்தேன், என் காதில் விழட்டும் என்று.

காலை ஐந்து மணிக்கு எழுந்தால் மருந்தியல், பிறகு வேதியியல், சாயங்காலம் மாதிரித் தேர்வு. நூற்றிருபத்தைந்து கேள்வி, மூன்று மணி நேரம். சரியான விடைக்கு நாலு மார்க். தினமும் மதிப்பெண்ணைச் சுவரில் ஒட்டுகிறார்கள். நான் நடுவில் எங்கேயோ இருக்கிறேன்.

மாமா, ஃபேனை நிறுத்துகிற கதை இருக்கட்டும். ஐசக் சார் வந்தது உண்மைதானே? என் சர்டிபிகேட்டைக் கழற்றிவிட்டு அவருடையதை மாட்டிவிட்டீர்களா? ஆள் ஒரு ஊரில், சர்டிபிகேட் ஒரு ஊரில் இருக்கிற கடை மருந்துக்கடையே இல்லை என்று இரண்டு வருஷமாக உங்களோடு சண்டை போட்டவள் நான். என்னாலேயே நம்ம கடை அப்படி ஆகக் கூடாது.

அவரை எனக்கு இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். பார்த்துவிட்டால் நிம்மதியாகப் படிப்பேன்.

உங்க,
பிரிஸ்கில்லா

*

உத்திரமேரூர்
25 மார்ச் 2025

அன்பு மருமகளுக்கு,

சர்டிபிகேட் கழற்றியாகிவிட்டது. உன்னுடையது என் டிரங்குப் பெட்டியில், வேட்டிக்கு நடுவே, இஸ்திரி போட்ட மாதிரி இருக்கிறது. ஐசக்கினுடையதை மாட்டச் சுவர் போதவில்லை. பக்கத்து ஜெராக்ஸ் கடைச் சுவரிலும் கொஞ்சம் நீண்டிருக்கிறது.

போன ஞாயிறு ஆராதனையில் அவர் பாடினார். மணியடிக்கிறவர் மயங்கி விழுந்தார். பாட்டு முடிந்ததும் மயக்கத்துக்கு மருந்தும் அவரே கொடுத்தார். கடையில் கூட்டம் தாங்கவில்லை. எனக்கு வேலையே இல்லை, பெஞ்சில் உட்கார்ந்து ரோட்டைப் பார்க்கிறேன். மாகறல் பஸ் எத்தனை தரம் போகிறது, எத்தனை தரம் வருகிறது எல்லாம் இப்போது மனப்பாடம்.

நீ கேட்ட இரண்டு வரியை ஐசக் தன் பொற்கரத்தால் எழுதி, கீழே படமும் போட்டுக் கொடுத்தார். உள்ளே வைத்திருக்கிறேன்.

உன் மாமன்,
ஞானதாஸ்

(உள்ளே, மாத்திரைக் கவர் ஒன்றின்மேல்: "சகோதரிக்கு, காலை ஒரு வேளை, இரவு ஒரு வேளை, சாப்பாட்டுக்குப் பின் படிக்கவும். கடையைப் பற்றிக் கவலை வேண்டாம். இப்படிக்கு, ஐசக்." அதன் கீழே ஒரு சூரியன், ஒரு நிலா.)

*

ஹைதராபாத்
4 மே 2025

மாமா,

ஐசக் சார் எழுதிய கவரை ஒரு மாதமாகத் தலையணைக்கடியில் வைத்திருந்தேன். மதிப்பெண் குறையும் நாளெல்லாம் எடுத்துப் பார்ப்பேன். நேற்றுப் பக்கத்துக் கட்டில் பெண் அதைப் பார்த்துச் சிரித்தாள். "உங்கள் ஊரில் சூரியனுக்கு மீசை உண்டா?" என்று கேட்டாள்.

அப்புறம்தான் நானும் பார்த்தேன்.

எழுத்துத் தெரியாதவர்களுக்காகக் காலை மாத்திரைக் கவரில் சூரியன் போட்டு, அதற்கு மீசையும் போடுகிற ஆள் காஞ்சிபுரம் ஜில்லாவில் ஒருவர்தான். இரண்டு வருஷம் அந்த மீசையைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கையெழுத்தை மாற்றினீர்கள், மீசையை விட மனசு வரவில்லையா?

இன்று அம்மாவைக் கேட்டேன். "உன் மாமனுக்கு இன்னா, கடைல ராஜா மாரி குந்திக்கினு கீறான்" என்றாள். அம்மா உண்மை பேசும்போது உங்களை ஒரு நாளும் ராஜா என்று சொன்னதில்லை.

பரீட்சை இருபத்தைந்தாம் தேதி. இன்னும் மூன்று வாரம். ஐசக் என்று ஒருத்தர் இல்லையென்றால் ஒரு வரி எழுதுங்கள், அன்றைக்கே ரயில் ஏறுகிறேன். எனக்கு அடுத்த வருஷமும் பரீட்சை வரும். உங்களுக்கு அந்தக் கடையை விட்டால் என்ன இருக்கிறது?

பையைக் கட்டி வைத்துவிட்டேன். கதை வேண்டாம் மாமா. உண்மையை மட்டும் எழுதுங்கள்.

பிரிஸ்கில்லா

*

உத்திரமேரூர்
9 மே 2025

பிரிஸ்கில்லாவுக்கு,

ஐசக் இருக்கிறார். கடை நடக்கிறது. மீசை நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது.

பையை அவிழ்த்து வை. பரீட்சை எழுது.

ஞானதாஸ்

*

ஹைதராபாத்
30 ஜூன் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

தேறிவிட்டேன். சர்வர் படுத்திய பாட்டில் என் நம்பர் வருவதற்குள் உயிர் போய்த் திரும்பி வந்தது. நல்ல கல்லூரியில் எம்.பார்ம் கிடைக்கும், உதவித்தொகையும் உண்டு என்கிறார்கள். பரீட்சைக்குப் பிறகும் ரிசல்ட் வரும்வரை இன்னொரு நுழைவுத்தேர்வு வகுப்பில் இருத்திக்கொண்டார்கள், போனும் பீரோவிலேயே இருந்தது. அது கையில் கிடைத்ததும் முதலில் உங்களைத்தான் கூப்பிட்டேன். நாலு நாளாகக் கூப்பிடுகிறேன், எடுக்கவில்லை. கடை நம்பரில் மணிகூட அடிக்கவில்லை. அதனால்தான் மறுபடியும் பேனா.

உங்க மே மாதக் கடிதம் மூன்று வரி. என் வயதுக்கு நீங்கள் மூன்று வரியில் எதையும் சொல்லி நான் கேட்டதில்லை. அதில் ஏரி இல்லை, டாக்டர் இல்லை, மயங்கி விழ ஒரு ஆள்கூட இல்லை. அது பொய் என்று அதை மடிப்பதற்குள் தெரிந்துவிட்டது. தெரிந்தும் பையை அவிழ்த்தேன், மாமா. பரீட்சை எழுத வேண்டும் என்கிற ஆசை எனக்கு அவ்வளவு இருந்தது. தெரியாத மாதிரி இருந்துவிட்டேன். அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கல்லூரியில் சேர என் பதிவு சர்டிபிகேட் ஒரிஜினல் வேண்டும். அனுப்புங்கள். கூடவே நிஜத்தையும்.

உங்க,
பிரிஸ்கில்லா

*

உத்திரமேரூர்
8 ஜூலை 2025

அன்பு மருமகள் பிரிஸ்கில்லாவுக்கு, மாமன் ஞானதாஸின் ஆயிரம் முத்தங்களும் தோத்திரமும்.

நீ தேறிய செய்தி கேட்டு ஏரி பொங்கி மதகு உடைந்து... வேண்டாம். நீ நிஜம் கேட்டிருக்கிறாய். எனக்குப் பழக்கமில்லாத வேலை, கோணல்மாணலாகத்தான் வரும்.

போனை எடுக்காததற்குக் காரணம், பேச்சில் எனக்குப் பொய் வராது. குரல் காட்டிக்கொடுத்துவிடும். எழுத்தில்தான் நான் சூரன்.

வரிசையில் யாரும் நிற்கவில்லை. பத்து நாளில் ஒரே ஒருத்தன் போன் செய்தான், செங்கல்பட்டிலிருந்து. "சர்டிபிகேட்டை கூரியர்ல அனுப்பிடறேன் சார், மாட்டிக்குங்க. நான் எதுக்கு அங்க?" என்றான். பழைய ஞானதாஸாக இருந்தால் சரி என்றிருப்பேன். இரண்டு வருஷம் உன் வாயில் மாட்டிக்கொண்டதில் கெட்டுப்போய்விட்டேன். "அப்ப நோயாளியையும் கூரியர்ல அங்க அனுப்பிடறேன், நீயே பாத்துக்கோ" என்று வைத்துவிட்டேன்.

நீ பஸ் ஏறிய அன்றைக்கே உன் சர்டிபிகேட்டைக் கழற்றிவிட்டேன். அதன் பிறகு தைலம், பவுடர், நாப்கின், குளுகோஸ் இவ்வளவுதான் விற்றேன். டாக்டர் சீட்டோடு வந்தவர்களை எல்லாம் பஸ் ஸ்டாண்டுக் கடைக்கு அனுப்பினேன். "இன்னா ஞானதாஸு, மருந்துக்கட வச்சிக்கினு மருந்து இல்லன்ற?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பிறகு கேட்கவும் வரவில்லை. ஏப்ரல் முடிவில் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தேன். ஷட்டர் இறங்கிவிட்டது. நீ பையைக் கட்டியபோது வந்து உட்கார இங்கே கடையே இல்லை. அதை எழுதியிருந்தால் நீ பரீட்சை எழுதியிருக்க மாட்டாய், அழுதுகொண்டு வந்திருப்பாய். நீ தெரியாத மாதிரி இருந்தது இந்தக் குடும்பத்தில் நடந்த ஒரே புத்திசாலித்தனம். அதற்காக வருத்தப்படாதே.

இப்போது காஞ்சிபுரத்தில் ஒரு மொத்த மருந்து ஏஜென்சியில் பெட்டி இறக்குகிறேன். மருந்து வாசனை இருக்கிறது, போதும். உன் அம்மா என்னை இப்போது ராஜா என்று சொல்வதில்லை. அதனால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள். சர்டிபிகேட்டை இதோடு வைத்திருக்கிறேன். மடிக்கவில்லை, இரண்டு அட்டைக்கு நடுவே இருக்கிறது. சுவரில் ஆணி மட்டும் நிற்கிறது. அதைப் பிடுங்கிப் பார்த்தேன், வரவில்லை. நீ அடித்த ஆணி.

ஆக, ஐசக் பொய். அவர் உயரம், பாட்டு, மயக்கம், கூட்டம் எல்லாம் பொய். ஒவ்வொன்றுக்கும் ஒரு மார்க் பிடுங்கிக்கொள்.

ஆனால் முதல் கடிதத்தில் ஒரு சின்ன விஷயம் நிஜம். நீ போன மறுநாள் பத்து மணிக்கு சிட்டம்மாள் வந்து, "அண்ணே, பொண்ணுதான் ஊர்ல இல்லியே, ஒரு டீ போதுமா?" என்று கேட்டாள். "ரெண்டே கொண்டா" என்றேன். ஷட்டர் இறக்கிய நாள் வரைக்கும் இரண்டு டீதான் வந்தது. அதை ஐசக் குடிக்கவில்லை. நானும் குடிக்கவில்லை. உன் நாற்காலிக்கு முன்னால் வைப்பேன், ஆடை படிந்து ஆறிப்போகும், சாயங்காலம் சிட்டம்மாள் கிளாஸை எடுத்துக்கொண்டு போவாள்.

அந்த ஒரு விடைக்கு மட்டும் நாலு மார்க் போட்டுவிடு.

உன் மாமன்,
ஞானதாஸ்