பதினெட்டு நாள் குறைகிறதாம்

அன்பு அம்மா,

நான் எப்போது பிறந்தேன்? இதைச் சொல்லவாவது நீ இருந்திருக்கலாம்.

பிளஸ் டூ முடித்துவிட்டேன். மதிப்பெண்ணைக் கேட்டால் மூக்கின்மேல் விரல் வைப்பாய். நாமக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. நர்சிங் சேர அப்பாவோடு போனேன். உயிரியல், வேதியியல் மதிப்பெண், சாதிச் சான்று, டாக்டர் கொடுத்த உடல்தகுதிச் சான்று எல்லாம் சரி. வயதில் வந்து நின்றுவிட்டது. டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் பதினேழு முடிந்திருக்க வேண்டுமாம்.

பள்ளிச் சான்றிதழில் நான் மே மாதம் பிறந்திருக்கிறேன். உன் பெட்டியில் இருந்த பிறப்புச் சான்றிதழிலோ அதற்கடுத்த ஜனவரி பதினெட்டு.

"ரெண்டுல எதுங்க நெசம்?" என்று அலுவலகத்து அக்கா கேட்டார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா மின்விசிறியைப் பார்த்தார்.

"இவ பொறந்தப்ப நான் லோடு ஏத்திக்கிட்டு குஜராத் போயிருந்தனுங்க. பொண்ணுன்னு போன் வந்துச்சு. தேதியெல்லாம் இவங்கம்மாவுக்குத்தான் தெரியுமுங்க."

லாரிக்கு டயர் மாற்றிய தேதியெல்லாம் இவருக்கு மனப்பாடம். எனக்குக் கோபம் அவர்மேலா, உன்மேலா?

ஜனவரி என்றால் பதினெட்டு நாள் குறைகிறது, இந்த வருடம் இடமில்லை. மே என்றால் பிறப்புச் சான்றிதழ்தான் தப்பு என்று அப்பா வெள்ளிக்கிழமைக்குள் பத்திரத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். சேந்தமங்கலம் திரும்பும்போது பஸ்ஸில் அப்பா சொன்னார்: "எழுதிக் குடுத்தர்றேன் சாமி. பதிஞ்சவங்க தப்பாப் பதிஞ்சிருப்பாங்க."

இருக்கலாம்தானே? மே மாதம்தானே எனக்குப் புதுத்துணி எடுப்பாய்? ஆனால் நீ கடைசியாகப் படுத்திருந்த சேலம் ஆஸ்பத்திரியில் உனக்கு ஊசி போட வந்த சிஸ்டர், "பொண்ணுக்கு என்ன வயசுங்க?" என்று கேட்டபோது நீ விரல் மடக்கி எண்ண ஆரம்பித்தாய். காய்ச்சலில் உளறுகிறாய் என்று நானே பதில் சொல்லிவிட்டேன். அன்றைக்கு என்னதான் எண்ணினாய்?

நேற்று உப்புமா செய்ய ரவை டப்பாவைத் திறந்தேன். பொங்கல் முடிந்த கையோடு வருடம் தவறாமல் ஒரு நாள் கேசரி கிண்டுவாயே. எதுக்கு என்றால், "சும்மாதான் சாமி, தின்னு" என்பாய். முதல் வாய் எனக்குத்தான்.

"அப்பா, உங்க கல்யாண நாள் எப்பங்க?"

"ஆவணிலங்கண்ணு. ஏன்?"

கேசரியைச் சொன்னேன். அப்பா ரவை டப்பாவை மூடி வைத்தார். பிறகு, "நாலரை வயசுல உன்னையப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கிட்டுப் போனா. 'சீக்கிரம் படிச்சு நர்சாகட்டும், நான் பாக்கோணும்'னா. அஞ்சு முடிஞ்சாத்தான் சேத்துவாங்கன்னு மே மாசம்னு சொல்லிட்டா போல" என்றார்.

நான் நர்ஸாவதைப் பார்க்க அவ்வளவு அவசரப்பட்டாயே அம்மா. அதற்குள் நீ ஏன் போனாய்?

வெள்ளிக்கிழமை நாங்கள் போகப்போவதில்லை. பள்ளிச் சான்றிதழைத் திருத்த எங்கே அலைய வேண்டும், இந்த ஒரு வருடம் என்ன செய்வேன், ஒன்றும் புரியவில்லை. ஆனால் ஜனவரி பதினெட்டாம் தேதி கேசரி நான் கிண்டுவேன், எதற்கென்று சொல்லியே கிண்டுவேன். முதல் வாய் உனக்கு. அடுத்த வருடம் அதே அக்காவிடம் ஒரே ஒரு தேதியோடு போய் நிற்பேன்.

இப்படிக்கு,
மே மாதம் ஒருமுறையும் ஜனவரியில் ஒருமுறையும் நீ பெற்ற
உன் ஒரே மகள்