வலக்கைத் தையல்

புந்தோங், ஈப்போ
8.3.1981

அன்பான செல்லாயி அக்காவுக்கு,

கல்லுமலை முருகன் புண்ணியத்தில் நானும் வீட்டுக்காரரும் இங்கே குறையில்லாமல் இருக்கிறோம். உன் முட்டி வலி எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. குடியுரிமை இல்லாத சிவப்பு ஐ.சி.க்காரர்களுக்கு வேலை பெர்மிட் கிடையாது என்று உங்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிட்டுப் பதினோரு வருஷம் ஓடிவிட்டது. இன்னமும் ஒரு நல்ல சேதி என்றால், உனக்கு எழுதின பிறகுதான் அது நிசமாக நடந்த மாதிரி எனக்குத் தோன்றுகிறது.

நல்ல சேதி இதுதான். நம் பூங்காவனத்துக்கு நாலு மாசம். அவளும் மாப்பிள்ளை கார்த்திகேசுவும் சபாவில் தாவாவ் என்ற ஊரில் வாத்தியார் வேலை பார்ப்பது உனக்குத் தெரியும். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருவதுதானே நம் முறை. டாக்டர் விமானம் ஏறவே கூடாது என்கிறாராம். அதனால் இங்கிருந்து யாராவது ஒருத்தர் அங்கே போய்ப் பத்தியம் பார்க்க வேண்டும். அவர்களுக்குக் கொடுத்திருக்கிற வீட்டில் ஒரே ஒரு ஒதுக்கறை. ஒருத்தர்தான் போக முடியும். நானா, சம்பந்தியம்மாவா என்று இன்னும் பேச்சு வரவில்லை. நானாக வாயைத் திறந்து கேட்கவும் மாட்டேன்.

அவள் எழுதின கடிதம் மூன்று பக்கம். இரண்டு பக்கம் மாமியார் புராணம். மாமி பிள்ளைக்குப் போர்வை தைக்கிறார்களாம். மாமி வாத்துப் படம், முயல் படம் எல்லாம் துணியில் வெட்டி ஒட்டித் தைக்கிறார்களாம். மாமிக்கு எவ்வளவு பொறுமை பாரும்மா என்று என்னிடமே கேட்கிறாள்! நான் ரவிக்கையும் கவுனும் தைத்துப் போட்டு வளர்த்த பிள்ளை. ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது கோதுமை மாவு மூட்டைத் துணியை வெளுத்து அவளுக்குப் பாவாடை தைத்தேனே, அதற்குப் பொறுமை வேண்டாமா?

நானும் போர்வை தைத்துக்கொண்டுதான் இருக்கிறேன், அக்கா. யார் வீட்டு விசேஷத்துக்கு என்ன தைத்துக் கொடுத்தோம் என்று எழுதி வைக்கிறவள் நான். சொந்தப் பேரப்பிள்ளைக்கு விடுவேனா? பிள்ளை பூமிக்கு வரும் முன்னே தைக்கக் கூடாதுதான். ஆனால் சபாவுக்குக் கப்பலில் போகிற பார்சலுக்கு அந்தச் சாத்திரமெல்லாம் தெரியுமா? பூங்காவனத்தின் சின்ன வயசுக் கவுன் துண்டுகள், நீ விட்டுப் போன நீலச் சேலை, ஒரு பழைய பூப்போட்ட பாத்தேக் கைலி, எல்லாம் சேர்த்துச் சதுரம் சதுரமாக அடுக்கியிருக்கிறேன். அழகாக வருகிறது. நானே சொல்லக் கூடாது.

சம்பந்தியம்மா ஞானம்மா யாழ்ப்பாணத்து வீட்டுப் பெண். ரயில்வே ஆபீசில் பெரிய கிராணியாக இருந்து காலமான துரைசிங்கத்தின் மனைவி. நல்ல பெண்பிள்ளைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கல்யாணத்தின்போது நான் மணவறைத் துணிக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். அவர் என் கையைப் பார்த்துவிட்டு, ஐயோ வீரம்மா, மங்கலக் காரியத்துக்கு இடக்கையாலேயா தைக்கிறீங்கள் என்று நாலு பேர் முன்னால் கேட்டார். சாப்பிடுவதை வலக்கைக்கு மாற்றச் சொல்லி நீ கரண்டிக் காம்பால் அடித்து அடித்து மாற்றினாய். ஊசியை மட்டும் உன்னாலும் மாற்ற முடியவில்லை. நீயே விட்டுவிட்ட விஷயத்தை அவர் பேசினார். நான் தைத்துக் கொடுத்த மெத்தை விரிப்பு அன்றைக்குக் கட்டிலில் அடிவிரிப்பாகப் போய்விட்டது. மேலே அவருடைய விரிப்பு.

வெள்ளிக்கிழமை விளக்கேற்றினால் முருகன் முகம் தெரிய வேண்டும். எனக்கு வாத்தும் முயலும்தான் தெரிகிறது. வீட்டுக்காரர் சிரிக்கிறார். பொம்பளைங்களுக்குப் போர்வையிலேயும் சண்டையா, போதும்லா என்கிறார். அவருக்கென்ன தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கச்சி
வீரம்மா


புந்தோங், ஈப்போ
17.5.1981

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பொறாமை உடம்புக்கு ஆகாது, பிள்ளைத்தாய்ச்சிக்கு அம்மா நீ, மனசைச் சுத்தமாக வைத்துக்கொள் என்று எழுதியிருந்தாய். நீ சொன்னது சரி. அதற்காகத்தான் ஒரு டின் முறுக்கு சுட்டு எடுத்துக்கொண்டு, பாரிட் புந்தாருக்கு ரயிலேறி சம்பந்தியம்மாவை நானே போய்ப் பார்த்தேன். போர்வை எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்கவும்தான். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

வாசல் கேட்டில் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறேன். ஆர் அது என்று கேட்கிறார்! என்னை அடையாளம் தெரியாதாம். பெரிய வீட்டுத் திமிர் என்று நினைத்தேன். நான்தான் பூங்காவனத்து அம்மா என்றதும், ஐயோ வாங்கோ, உள்ளுக்கு வாங்கோ என்று கையைப் பிடித்துக்கொண்டார். தேத்தண்ணி ஊற்றும்போது கோப்பை நிரம்பி, சாசர் நிரம்பி, மேசையில் ஓடியது. நான்தான் கெண்டியைப் பிடித்தேன்.

பிறகு போர்வையைக் கொண்டுவந்து மடியில் விரித்தார். அக்கா, எனக்கு வயிறு எரிந்தது. மூன்று வரிசை முடிந்திருந்தது. வெட்டின படத்தை அடித்துணியில் வைத்து, ஓரத்தை நகக்கண் அளவு மடித்து, சாய்வாகப் போட்ட தையல். ஒவ்வொன்றும் எள்ளு மாதிரி. வலதுபக்கம் சாய்ந்து சாய்ந்து ஒரே சீராகப் போகிறது. முயலின் காதில்கூட ஒரு சுருக்கம் இல்லை. நான் நல்லாயிருக்கு என்று ஒரு வார்த்தை மட்டும் சொன்னேன். நாலாவது வரிசை வெறுமனே குண்டூசி குத்தி வைத்திருந்தது.

ஊசியையும் நூலையும் என்னிடம் நீட்டி, கோத்துத் தாங்கோ என்றார். வீட்டு வேலைக்காரியா நான் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டே கோத்துக் கொடுத்தேன். அவர் அதை வாங்கவில்லை. என் இடக்கையைப் பிடித்துக்கொண்டார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். வீரம்மா, ரெண்டு மாசமா எனக்கு ஊசிக்காது தெரியேல்லை, கண்ணுக்குள்ள நரம்பு பழுதாப் போச்சு, இனித் திரும்பாதெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார், இந்தக் கடைசி வரிசையை நீங்கள் முடிச்சுத் தர வேணும், என்ர பெயரிலேயே போகட்டும், மகனுக்கும் மருமகளுக்கும் ஒரு சொல்லும் சொல்லிப்போடாதேங்கோ என்றார். ஏன் மறைக்க வேண்டும் என்று கேட்டேன். கண் தெரியாதவளின்ர கையிலே பச்சைப்பிள்ளையைத் தருவினமோ என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாமி அறைக்குக் கூட்டிப் போய்க் கற்பூரம் ஏற்றினார். நான் சத்தியம் செய்து கொடுத்தேன். செய்யாமல் எப்படி எழுந்து வருவது?

ரயிலில் திரும்பி வரும்போது என் மனசு என்ன சொன்னது தெரியுமா? பூங்காவனத்துக்கு ஒரு வரி எழுது, தாவாவ் டிக்கெட் உனக்குத்தான் என்றது. தைப்பிங் வரும் வரை அதையேதான் சொன்னது. நான் கந்தர் சஷ்டிக் கவசத்தை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீனக்கிழவி எனக்கு என்னமோ ஆகிவிட்டது என்று தள்ளி உட்கார்ந்தாள்.

உனக்கு எழுதுவது சத்தியத்தை மீறுவதாகாது. அவர் மகனுக்கும் மருமகளுக்கும் என்றுதான் சொன்னார். நீ கடல் தாண்டி இருக்கிறாய்.

இப்போது வந்து சேர்ந்திருக்கிற சங்கடத்தைக் கேள். நான் இடக்கையால் தைத்தால் சாய்வு எதிர்ப்பக்கம் விழும். மூன்று வரிசை ஒருபக்கம் சாய, நாலாவது மறுபக்கம் சாயும். ஊரில் வேறு யாருக்கும் தெரியாது. ஆனால் பூங்காவனம் என் தையலைப் போட்டு வளர்ந்தவள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சட்டையை மாற்றிக்கொண்டால், ஓரத்தைத் திருப்பிப் பார்த்து எங்கம்மா தைச்சது இது என்று தன் சட்டையைக் கண்டுபிடிப்பாள். பிரித்த அன்றே தெரிந்துகொள்வாள். பிறகு ஏன் என்று கேட்பாள். கேட்டால் எல்லாம் வெளியே வந்துவிடும்.

அப்படி வெளியே வந்தால்தான் என்ன என்றும் தோன்றியது, அக்கா. நான் வாய் திறக்கவில்லையே, தையல்தானே சொன்னது என்று முருகனிடம் வாதாடிக்கொள்ளலாம். இரண்டு நாள் அவர் கொடுத்தனுப்பிய போர்வை மூட்டையை அவிழ்க்காமல் அலமாரிக்குள் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் குளித்து விபூதி பூசிக்கொண்டு உட்கார்ந்து ஊசியை வலக்கையில் எடுத்தேன். நாற்பத்தேழு வயசில்! நாலெழுத்தை நானாகக் கற்றுக்கொண்டபோதுகூட இவ்வளவு பாடுபடவில்லை. கோழி கிளறின மாதிரி போகிறது. பிரிக்கிறேன், தைக்கிறேன். விரல் நுனியெல்லாம் பொத்தல். என்ன செய்தாலும் அவருடைய எள்ளுத் தையல் வரவில்லை. சாய்வு மட்டும் சரியான பக்கம் விழுகிறது.

என்னுடைய போர்வை முடிந்துவிட்டது. அதை எனக்குத் தெரிந்த கையால்தான் தைத்தேன். ஒரு குறை சொல்ல முடியாது. இரண்டும் ஒரே பார்சலில் போகப் போகிறது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். அந்த ஆசை எனக்கு இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வீரம்மா


புந்தோங், ஈப்போ
19.7.1981

அன்பு அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கோபிக்காதே. கைக்கு எழுத்து வரவில்லை.

பார்சல் கட்டுவதற்கு முன்னால் போர்வையை சம்பந்தியம்மாவிடம் காட்ட எடுத்துப் போனேன். மடியில் போட்டு விரலால் தடவிக்கொண்டே வந்தார். மூன்று வரிசையைத் தாண்டி நாலாவதில் விரல் நின்றுவிட்டது. திரும்பித் தடவினார். இது உங்கட வலக்கை என்றார். கண் தெரியாமல் போனாலும் கை சும்மா இருக்கவில்லை பார். ஏன் வீரம்மா, உங்கட கையாலேயே தைச்சிருக்கலாமே, வடிவா வந்திருக்குமே என்றார். மங்கலக் காரியம் பாருங்க, இடக்கை ஆகாதே என்று சொன்னேன். ரொம்ப நாளாக நெஞ்சில் கிடந்த சொல் அது. அவர் போர்வையை மடித்து வைத்தார். பிறகு, நல்லாத் திருப்பித் தந்தீங்கள் எனக்கு என்று சொல்லி வாய்விட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன வாரம் பூங்காவனத்தின் கடிதம் வந்தது. பார்சல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. என் போர்வைக்கு ஒரு வரி எழுதியிருக்கிறாள். ரொம்ப அழகா இருக்கும்மா, கடையில வாங்கின மாதிரி, அழுக்காக்க மனசே வரல, பெட்டியில எடுத்து வச்சிருக்கேன் என்று. கவுன் துண்டுகளையும் நீலச் சேலையையும் அடையாளம் கண்டாளா என்றுகூடத் தெரியவில்லை.

மாமியார் போர்வையைப் பற்றி ஒரு முழுப் பக்கம். முதல் மூன்று வரிசை ரொம்ப நேர்த்தியாம். கடைசி வரிசையில் தையல் கோணல் மாணலாகப் போகிறதாம். மாமிக்கு வயசாயிடுச்சு, முடியாட்டியும் விடாமல் என் பிள்ளைக்காக உட்கார்ந்து தைச்சிருக்காங்க, ஒவ்வொரு தையலிலும் அவங்க கஷ்டம் தெரியுது, அந்தக் கோணல் வரிசையை மடியில் வச்சுக்கிட்டு அழுதேம்மா என்று எழுதியிருக்கிறாள். பிள்ளை பிறந்ததும் முதலில் அதில்தான் போடப் போகிறாளாம்.

நான் அந்தக் கடிதத்தை அடுப்படியில் நின்று படித்தேன். குழம்பு அடிபிடித்தது தெரியவில்லை. ஊரில் ஒருத்தி இன்னொருத்தியின் நகையைப் பார்த்துப் பொறாமைப்படுவாள், சேலையைப் பார்த்துப் பொறாமைப்படுவாள். தன் கையால் போட்ட தையலைப் பார்த்தே பொறாமைப்படுகிறவள் நான் ஒருத்திதான் இருப்பேன். நல்லதாகத் தைத்ததைப் பெட்டியில் வைத்துவிட்டாள். அவள் அழுதது என் கோணலைப் பார்த்து. அந்தக் கண்ணீர் பாரிட் புந்தாருக்குப் போய்விட்டது.

இன்னொரு சேதி. சம்பந்தியம்மா யாரையோ வைத்து மகனுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். எனக்கு முழங்கால் வலி, விமானம் ஏற மாட்டேன், பத்தியச் சாப்பாடு வீரம்மாவுக்குத்தான் தெரியும், அவவையே கூப்பிடு என்று. மாப்பிள்ளை டிக்கெட் அனுப்பிவிட்டார். நான் ஆசைப்பட்டதுதான் நடந்தது. கேட்காமலேயே நடந்தது. அதை அவர் கையிலிருந்து வாங்கினேன் என்பதுதான் உறுத்துகிறது. பிள்ளை பிறந்து மூன்றாம் மாசம் அவர்கள் லீவில் வருவார்கள். அப்போது பிள்ளையை மடியில் வைத்துப் பார்த்தால் போதும் என்று எனக்குச் சொல்லியனுப்பினார். உட்கார்ந்த இடத்தில் மடியில் வாங்கிக்கொள்வதற்குக் கண் தேவையில்லையாம்.

வருகிற வெள்ளிக்கிழமை புறப்படுகிறேன். பெருங்காயம், சுக்கு, பூண்டு, வெந்தயம், பழைய வேட்டித் துணி எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். வீட்டுக்காரருக்குக் கருவாட்டுக் குழம்பு வைக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எப்படிச் சமாளிப்பாரோ.

அக்கா, உன்னிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊர் மாரியம்மனுக்கு என் பெயரில் ஒரு விளக்குப் போடு. சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்பதற்கு இங்கே நான் முருகனிடம் வேண்டிக்கொண்டாயிற்று. இது வேறு. அங்கே போனதும் பூங்காவனம் அந்தப் போர்வையை எடுத்து வந்து என் மடியில் விரிப்பாள். கடைசி வரிசையைத் தடவித் தடவிக் காட்டுவாள். பாரும்மா, மாமி எப்படிக் கஷ்டப்பட்டிருக்காங்க என்று கேட்பாள். அவள் கண் கலங்கும். அந்த நேரம் நான் அவள் முகத்தைப் பார்த்து, ஆமாம்மா, ரொம்ப நல்ல மனசு அவங்களுக்கு என்று சொல்ல வேண்டும். அதற்கு மேல் ஒரு சொல்லும் வரக் கூடாது. அந்த ஒரு வார்த்தையை என் வாயில் வைக்கச் சொல்லி வேண்டிக்கொள்.

நீ தீர்க்காயுசாக இரு.

உன் கூடப்பிறந்தவள்
வீரம்மா