கூரையில் மச்சான், கணினியில் அரபா

நவ. 18, புதன்
மூன்றாம் நாளாக மழை. கொடியில் உடுப்பு காயவே இல்லை.

வாப்பா மக்காவிலிருந்து கோல் எடுத்தார். பிறை தெரிந்துவிட்டதாம், அங்கே ஹாஜிகள் எல்லாரும் கூடும் அரபா நாள் 26, வியாழன். கால் கொஞ்சம் வீக்கம். "மாத்திரை போட்டீங்களா?" "ஓம் ஓம்." ஒரு ஓம் என்றால் நம்பியிருப்பேன்.

ஜித்தாவில் வேலை செய்த காலத்திலேயே தன் ஹஜ்ஜை முடித்தவர். இந்தத் தரம் போனது உம்மாவுக்குப் பதிலாக, உம்மாவின் பெயரில் நிய்யத் வைத்து. உம்மா ஹஜ் செய்து ஹாஜியானி என்று பெயர் எடுக்காமலே போய்விட்டார். கடல் உம்மாவைக் கொண்டுபோய் ஐந்து வருஷம் ஆகப் போகிறது. அடக்கிய கபுறு இல்லை. சாய்ந்தமருது வீட்டோடு படங்களும் போயின. உம்மாவுடையது என்று காட்ட ஒரு சீலைத் துண்டுகூட என்னிடம் இல்லை.

அதனால் முடிவு செய்துவிட்டேன். அரபாவை நேரலையில் பார்க்க வேண்டும், அப்படியே பதிவும் செய்ய வேண்டும். உம்மாவின் ஹஜ் என்று ஒன்றாவது கையில் இருக்கட்டும்.

தேவை:
- டியூனர் கார்டு. வானத்துச் செய்மதியிலிருந்து வரும் டிவியைக் கணினிக்குள் கொண்டுவருவது. சுனாமிக்குப் பிறகு வெள்ளைக்காரர்கள் நான் படிப்பிக்கும் நிலையத்துக்குக் கணினிகளோடு தந்தது. பெட்டிகூடப் பிரிக்கவில்லை. பொறுப்பாளரிடம் இரவல் கேட்டாயிற்று.
- டிஷ். மச்சானின் கூட்டாளி தருவார்.
- மச்சான். கட்டிய புருஷன் வேறு எதற்கு?

நவ. 19, வியாழன்
கார்டைப் பூட்டினேன். என் கணினியிலும் நிலையத்தில் போலவே லினக்ஸ். யாரும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தலாம், இலவசம். பிழை வந்தால் நாமே தோண்ட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கார்டு பட்டியலில் தெரிகிறது. ஆனால் விழிக்க மாட்டேன் என்கிறது. அதற்குள் ஏற்ற ஒரு சின்ன ஃபைல் வேண்டுமாம். நம் இணைப்பில் இறக்கினால் பாதியில் அறுகிறது. நாலு தரம். நாலாம் தரம் அழுகை வந்துவிட்டது, சும்மா.

மச்சான் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, "கடையில ரிசீவர் ஒண்டு எடுத்துட்டு வாறன், விடு புள்ள" என்றார். அந்தப் பெட்டியில் பார்க்கலாம், பதிய முடியாதே. விளங்கப்படுத்தினேன். விளங்கியதுபோல் தலையாட்டினார். நல்ல மனுஷன்.

தம்பிலுவில் ஊர் ரஞ்சிக்குக் கோல் எடுத்தேன். நிலையத்தில் என்னோடு படிப்பிப்பவள். அவள் அண்ணன் வேலை செய்யும் இடத்தில் நல்ல இணைப்பு. ஃபைலை அங்கே இறக்கி ஞாயிறு கொண்டுவருகிறாளாம்.

நவ. 20, வெள்ளி
மழை விட்டது. ஜும்ஆ முடிந்து மச்சானைக் கூரையில் ஏற்றினேன். இறக்காமம் ஊர் வயல்களில் யானை விரட்டி வளர்ந்தவர், கூரைக்குப் பயமில்லை. ஆனால் இந்த டிஷ்ஷுக்குப் பயம்.

எந்தப் பக்கம் திருப்புவது? "மக்காவிலிருந்துதானே வருது, கிப்லாப் பக்கம் வெச்சாப் போதும்" என்றார். சரிதானே என்றேன். பள்ளிவாசலில் தொழும் திசை காட்டும் மிஹ்ராப் சுவரைப் பார்த்து நேர் பிடித்தார். பிஸ்மி சொல்லி ஆணி முறுக்கினார்.

பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால்: "என்னகா, ஆம்புள கூரையில, பொம்புள கொம்பியூட்டரில?" "ஓம் மாமி, மாறி நிண்டா ஊர் கதைக்கும்" என்றேன்.

நவ. 22, ஞாயிறு
ரஞ்சி வந்தாள். ஃபைலும் கொண்டுவந்தாள், அவர்கள் பக்கத்து ஊரான திருக்கோவிலின் தயிர் ஒரு சட்டியும். யுத்தம் முடிந்தபிறகு சோதனைக்கென்று பஸ்ஸிலிருந்து இறக்கி ஏற்றுவது குறைவாம், வழியில் நித்திரையே கொண்டாளாம். முன்பெல்லாம் இருட்டுமுன் போக வேண்டும் என்று வந்த உடனேயே நேரம் பார்ப்பாள். இன்று பகல் சோறு தின்று, மச்சானின் கடைக் கதையெல்லாம் கேட்டுச் சிரித்துவிட்டுப் போனாள்.

ஃபைலை ஏற்றினேன். கார்டு விழித்தது! திரையில் எண்கள் ஓடின. சிக்னல் பிடித்தால் கடைசியில் 'லொக்' என்று காட்டும். காட்டவில்லை. மச்சான் திரும்பவும் கூரையில்.

"இடப்பக்கம் ஒரு விரல்! விரல் எண்டன் மச்சான், முழமில்ல!"
"வழுக்குது புள்ள, விரலும் முழமும் ஒண்டாத்தான் தெரியுது!"

இரண்டு மணித்தியாலம். ஒன்றுமில்லை. இருந்தது நாலு நாள்.

நவ. 23, திங்கள்
லொக் இல்லை. கேபிள் மாற்றினோம். லொக் இல்லை. டிஷ்ஷின் மூக்கைத் துடைத்தோம். லொக் இல்லை. மச்சானோடு கத்தினேன். அவர் திருப்பிக் கத்தவில்லை, அதற்கும் கோபம் வந்தது. வாப்பாவின் ஃபோன் நேற்றிலிருந்து வேலை செய்யவில்லை. சனத்துக்குள் எங்கே நிற்கிறாரோ, அந்தக் காலோடு.

நவ. 24, செவ்வாய்
நிலையத்தில் ரஞ்சி கேட்டாள்: "டீச்சர், குறை நினைக்காதீங்க. உங்கட டிஷ் ஏன் பள்ளிவாசலப் பாத்துக்கொண்டு நிக்குது? ஞாயித்துக்கிழமையே கேக்க நினைச்சன். மறுகா, ஏதும் உங்கட மார்க்க விசயமாக்கும் எண்டு விட்டுட்டன்."

செய்மதி மக்காவிலா நிற்கிறது? பூமியின் நடுக்கோட்டுக்கு மேலே அல்லவா நிற்கிறது! நமக்குக் கிப்லா மேற்கிலிருந்து வடக்கே சரிவு. செய்மதி மேற்கிலிருந்து கொஞ்சம் தெற்கே. இதை வகுப்பில் படம் கீறிப் படிப்பித்தவள் நான். தொழுகிற பக்கம் என்றதும் அறிவு அப்படியே நெற்றியைத் தரையில் வைத்து ஸுஜூதுக்குப் போய்விட்டது.

ரஞ்சி மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும்தான். பிள்ளைகள் எங்களைப் பார்த்து முழித்தார்கள்.

வீட்டுக்கு வந்து மச்சானிடம் சொன்னேன். கூரையை அண்ணாந்து பார்த்தார். பிறகு, "நாலு நாளா டிஷ்ஷத் தொழ வெச்சிரிக்கம் என்ன?" என்றார்.

நேற்றுக் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "நீ கத்தினது டிஷ்ஷுக்கெண்டு நான் நெனச்சன்" என்றார். இந்த மனுஷனை எனக்குத் தந்த அல்லாஹ்வுக்கே புகழெல்லாம்.

நவ. 25, புதன்
பகல் முழுக்க அடைமழை. ஏற வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. உரப் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஏறினார். தெற்கே, இன்னும் தெற்கே, கொஞ்சம் கீழே. எண்கள் கூடின, குறைந்தன, கூடின.

லொக்.

கத்தினேன். மேலேயிருந்து, "என்ன, கரண்டா அடிச்சது?"

மழைக்குப் படம் சதுரம் சதுரமாக உடைகிறது. ஆனாலும் கஃபா. உடைந்து சேர்ந்து, உடைந்து சேர்ந்து. மச்சான் சொட்டச் சொட்ட வந்து நின்றார். தரையெல்லாம் ஈரம். துவாயை எடுத்து அவர் தலையைத் துவட்டினேன்.

நவ. 26, வியாழன்
காலையில் வெயில்! படம் கண்ணாடி மாதிரி.

பகல் இரண்டரையிலிருந்து பதிவு. அரபா மைதானம், வெள்ளையாகச் சனம், முடிவே இல்லை. மச்சான் வாப்பாவைத் தேடித் திரையில் விரல் வைத்து, "அந்தா மாமா." இல்லை. "அப்ப இந்தா." அதுவும் இல்லை. இருபது மாமாக்களைக் கண்டுபிடித்துவிட்டார்.

ஐந்து மணிக்கு ஃபோன். வாப்பா!

"ஆரோ ஒருத்தர்ர ஃபோன் மகள், கெதியாச் சொல்றன். அரபாவில நிக்கன். கால் சுகம். உம்மாட பேரச் சொல்லித்தான் துஆக் கேட்டன், சத்தமாவே சொன்னன். பக்கத்தில நிண்டவர் ஆரெண்டு கேட்டாரு. என்ட பொஞ்சாதி எண்டன்." அதோடு குரல் உடைந்துவிட்டது. எனக்கும். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஃபோனுக்குள் அழுதோம். பிறகு துண்டித்துப் போயிற்று.

அங்கே சூரியன் மறையும்வரை பதிந்தேன். நிறுத்தியதும் ஃபைலுக்குப் பெயர் கேட்டது. கணினி தானாகப் போட்டிருந்தது வெறும் எண்கள். உம்மாவின் பெயரைப் பாதி அடித்து, அழித்தேன்.

மச்சான் உம்மாவைக் கண்டதில்லை, படத்தில்கூட. கல்யாணம் முடித்த மூன்று வருஷமும் மாமி என்று சொன்னதில்லை, 'உன்ட உம்மா' என்றுதான் சொல்வார். உரிமை எடுத்துக்கொள்ளக் கூச்சம். இப்போது கதிரைக்குப் பின்னால் நின்று மெதுவாகச் சொன்னார்:

"ஹாஜியானி மாமி எண்டு போடு."

போட்டேன்.