எங்கள் சந்தில் ஒரு தேர்தல்

10 ஜூன் 2024, திங்கள்

தீர்ப்பு வந்துவிட்டது. எங்கள் வியாபாரிகள் சங்கத்துக்கு ஒரு மாதத்துக்குள் தேர்தல் நடத்த வேண்டும். அதுவரை பொறுப்பாளர் உம்மே ஹானி. வக்கீல் என் பெயரை வாசித்ததும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன்.

தி.நகரில் இந்தச் சந்துக் கடைக்காரர் வீட்டுக்கு நான் மருமகளாக வந்த நாளிலிருந்து சண்முகவேல் அண்ணாச்சிதான் தலைவர். ஓட்டு என்று ஒன்றை யாரும் பார்த்ததில்லை. எந்தக் கடை எதுவரை நீளலாம், லாரி எங்கே நிற்கலாம், எல்லாம் அவர் வாய்ச்சொல். "தேர்தல் எப்போ அண்ணாச்சி?" என்று நான் கேட்ட வருஷம், தீபாவளி சீசன் முழுக்க அவருடைய பட்டுக்கடை லாரி என் மேட்சிங் சென்டர் வாசலை மறைத்து நின்றது. லைனிங் துணி வாங்க ஒரு ஆள் உள்ளே வர முடியவில்லை. சந்தே பார்த்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்புறம்தான் கோர்ட்டுக்குப் போனேன்.

இன்று சாயங்காலம் வேண்டுமென்றே எல்லாக் கடைகளையும் தாண்டி நடந்தேன். யாராவது ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்வார்கள் என்று. எதிரே பை விற்கும் நாகராஜ் மட்டும் கேட்டான்: "இன்னாக்கா, இனிமே லாரி எங்க நிக்கும்?"

13 ஜூன்

அண்ணாச்சி போட்டியிடவில்லையாம். எனக்கு எதிராக அவர் மகள் ஷண்முகப்ரியா நிற்கிறாள். சிரிப்பு வந்தது.

பிறகு வரவில்லை.

17 ஜூன், பக்ரீத்

ஷண்முகப்ரியா அழைக்காமலே வந்தாள். கோட்டூர்புரத்தில் எங்கள் வீட்டைக் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தாளாம். கசங்காத கைத்தறிப் புடவை, கையில் மல்லிகைப் பூ. "பிரியாணி வேணாம்க்கா, நான் சைவம். பாயசம் இருந்தா குடுங்க" என்று அடுப்படிவரை வந்து நின்றாள்.

போகும்போது சொன்னாள்: "அப்பா உங்களுக்குப் பண்ணது தப்பு. நான் அப்பவே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."

பயமா? அவளுக்கா? பட்டுக்கடையில் ஏசி போட்ட கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவளுக்கு?

அவள் போனதும் என் வீட்டுக்காரர் ஷரீஃப், "நல்ல பொண்ணாத்தான் தெரியுது" என்றார். பாயசக் கிண்ணத்தைத் தேவைக்கு மேல் தேய்த்தேன்.

22 ஜூன்

ஓட்டுக் கேட்டு நானும் ப்ரியாவும் கடை கடையாகப் போகிறோம். நான் பேசினால் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்கிறார்கள், இடையிடையே கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். அவள் பேசினால் ஸ்டூலை இழுத்துப் போடுகிறார்கள். வளையல் கடை வேம்பு, என்னிடம் ஒருநாளும் பல்லைக் காட்டாதவள், அவள் கையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். பிள்ளை எந்தக் காலேஜில் சேர்ந்தான் என்று ப்ரியா கேட்கிறாள். எனக்கு வேம்புவுக்குப் பிள்ளை இருப்பதே தெரியாது.

கோர்ட் வாசலில் வெயிலில் நின்றது நான். வாசல் அடைபட்டுப் பட்டினி கிடந்தது என் கடை. கதவைத் திறந்தது நான், உள்ளே நடந்து போவது அவளா? எனக்குப் பொறுக்கவில்லை. எழுதுவதற்கென்ன, வயிறு எரிகிறது.

28 ஜூன்

விதிகளை எழுதும் பொறுப்பு என்னுடையது. ஒன்று சேர்த்தேன்: சொந்தப் பெயரில் பத்து ஆண்டு கடை நடத்தியவர்தான் போட்டியிடலாம்.

பட்டுக்கடை அவள் அப்பா பெயரில் இருக்கிறது. யாராவது கேட்டால் தற்செயல் என்று சொல்லிக்கொள்ளலாம்.

30 ஜூன், ஞாயிறு

சங்கக் கூட்டத்தில் விதியை வாசித்தேன்.

ப்ரியா எழுந்தாள். குரலை உயர்த்தவில்லை. "இது எனக்காகப் போட்டதாக்கா?"

"விதின்னா எல்லாருக்கும் பொதுதாம்மா."

இதை நான்தான் சொன்னேனா? அண்ணாச்சி பேசுகிற மாதிரியே வந்தது, அந்த 'அம்மா' உட்பட. அவள் உட்கார்ந்துவிட்டாள். மற்றவர்களைப் பார்த்தேன். வரிசையாகத் தலையாட்டினார்கள். நாகராஜ், "அக்கா சொன்னா சரிதாம்பா" என்றான்.

ஜெயித்தாயிற்று. ஏன் சாப்பாடு இறங்கவில்லை?

1 ஜூலை

காலையில் நாகராஜ் கடைக்குப் போய்க் கேட்டேன். "நேத்து சரின்னு சொன்னியே, நெசமாவே சரின்னு பட்டுச்சா உனக்கு?"

பைகளைத் தட்டிக்கொண்டே இருந்தான். "இன்னாக்கா புச்சா கேக்குற? பாவம் அந்தப் பொண்ணு. ஆனா தலைவரா கீறவங்க சொன்னா சரின்னுட்டுப் போறதுதான். அண்ணாச்சிகிட்டயும் அதான சொல்லிக்கினு இருந்தோம்." பிறகு என் முகத்தைப் பார்த்து, அவசரமாக: "உன்ன தப்பா சொல்லலக்கா. மனசுல வச்சுக்காத."

என்னைப் பார்த்துப் பயப்படுகிறான். என் வாசலில் லாரி நின்றபோது எந்த முகத்தோடு தலையைக் குனிந்து போனானோ, அதே முகம்.

மத்தியானம் விதியை எடுத்துவிட்டேன். அவள்மேல் இரக்கம் வந்து அல்ல. அவளை இப்போதும் பிடிக்கவில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்ப்பதற்காக நான் கோர்ட்டுக்குப் போகவில்லை.

ஷரீஃப் கேட்டார்: "நீ தோத்துட்டா?"

"தோத்துடுவேன்" என்றேன்.

7 ஜூலை, ஞாயிறு

தோற்றேன்.

ஓட்டுப் போட வந்தவர்கள் நல்ல சட்டை போட்டு வந்திருந்தார்கள். வேம்பு தலை நிறையப் பூவோடு வந்தாள். சீட்டை மடிக்கத் தெரியாமல் மடித்து, யாரும் பார்க்காதபடி முந்தானையால் மறைத்துப் பெட்டியில் போட்டாள். கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன். யாருக்குப் போட்டிருப்பாள் என்று தெரிந்தும்.

முடிவை நான்தான் அறிவிக்க வேண்டும். அறிவித்தேன். அவளுக்கு மாலை போட்டார்கள், விசில் அடித்தார்கள். தேர்தல் எப்படி வந்தது என்று ஒருவரும் பேசவில்லை. ப்ரியா பேசினாள், என் பெயரைச் சொன்னாள். அவள் சொல்லித்தான் அவர்களுக்கு நினைவு வர வேண்டுமா?

8 ஜூலை

கடைக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

1 செப்டம்பர், ஞாயிறு

தீபாவளிக்கு முன் சந்துப் பாதையை அகலப்படுத்துகிறாளாம் தலைவி ப்ரியா. கடைக்கு வெளியே எதையும் தொங்கவிடக் கூடாது என்று ஒரு தீர்மானம். நேற்று நாகராஜ் வந்து குசுகுசுத்தான். "கூட்டத்துல நீ எழுந்து கேளுக்கா. உனக்குத்தான் பேச வரும்."

ஆசையாகத்தான் இருந்தது. நான் ஒரு வார்த்தை பேசினால் அவள் முகம் எப்படிப் போகும் என்று மனதுக்குள் பார்த்தும்விட்டேன். ஆனாலும், "உன் கடை, உன் பை. நீயே கேளு" என்றேன்.

இன்று கூட்டத்தில் எழுந்தான். முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "தலைவரே, இது சரியில்ல" என்றான். அறையே திரும்பிப் பார்த்தது. "நான் பை விக்கிறவன். உள்ள மாட்னா பை கீதுன்னு எவனுக்குத் தெரியும்? தலையில மாட்டிக்கினா நிப்பேன்?"

சிரித்தார்கள். ப்ரியாவின் முகம் ஒரு நொடி சிவந்தது. தண்ணீர் குடித்தாள். "இத நான் யோசிக்கலண்ணே. எல்லாரும் கை தூக்கிச் சொல்லுங்க" என்றாள். தீர்மானம் தோற்றுப்போனது. தோற்றதை அவளே எழுதிக்கொண்டாள்.

நாகராஜுக்குக் கைதட்டினார்கள். எனக்கு இத்தனை வருஷத்தில் ஒருவரும் தட்டியதில்லை. அவன் மேலும் பொறாமையாக இருந்தது.

நானும் தட்டினேன். கொஞ்சம் தாமதமாக.