ஞாயிற்றுக்கிழமைக் குரல்

ஜூன் 4

அன்புள்ள தங்கச்சிக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, ஏழாம் அத்தியாயத்தில் இருந்த 'சூப்பர்' என்ற சொல்லை எல்லா இடத்திலும் நீக்கினேன். பதினான்கு இடம். பல்கூட விளக்கவில்லை. நேற்றுச் சாயங்காலம் உன் மகள் என் மேஜைப் பக்கம் வந்து, திரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பெரியம்மா, இப்பல்லாம் யாரும் இப்படிப் பேசறதில்ல. அப்பாக்கள்தான் பேசறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். பின்னே என்னதான் சொல்வீர்கள் என்று கேட்டால், "ஒண்ணும் சொல்ல மாட்டோம், தலைய ஆட்டுவோம்" என்கிறாள். புத்தகம் முழுக்கத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தால் யார் வாசிப்பார்கள்?

பதினொரு நாவல் எழுதியாயிற்று, எல்லாம் பதினைந்து பதினாறு வயதுக்காரர்களுக்கு. எனக்குத்தான் வயது ஏறுகிறது, அவர்களுக்கு ஏறுவதில்லை. போன வாரம் ஒரு பள்ளியில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். தலைமையாசிரியை என்னை அறிமுகப்படுத்தும்போது, கூடிய சீக்கிரம் பெரியவர்களுக்கும் எழுதுவார் என்று நம்புவதாகச் சொன்னார். ஏதோ நான் இன்னும் தவழ்ந்துகொண்டிருப்பதுபோல. பதிப்பாசிரியர் அதற்கும் மேல். என் கதாநாயகிகள் எல்லாரும் 'நல்லா வளர்த்த பொண்ணுங்க' மாதிரியே இருக்கிறார்களாம். இந்த முறையாவது ரத்தமும் சதையுமாக ஒருத்தி வேண்டுமாம், அதுவும் ஆகஸ்ட் கடைசிக்குள்.

ஏழும் எட்டும் இத்துடன். நீ திரையில் வாசிக்க மாட்டாய் என்பதற்காக அச்செடுத்து, உறையிலிட்டு, தபால் நிலைய வரிசையில் நின்று அனுப்புகிறேன். பென்சில் குறிகளைச் சீக்கிரம் அனுப்பு. பள்ளிக்கூட நோட்டில் கதை எழுதிய நாளிலிருந்து உன் பென்சில் படாமல் என்னிடமிருந்து எதுவும் வெளியே போனதில்லை.

உன் துரும்பு நன்றாக இருக்கிறாள். பதினொன்றாம் வகுப்புக்கு வந்த பிறகும் அந்தப் பெயரிலேயே கூப்பிடுகிறோம் என்று கோபம். இப்போது என்னைவிட நாலு விரல் உயரம். நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகத் தூங்குகிறாள்.

உன் அக்கா


ஜூன் 15

பிரியமுள்ள அக்காவுக்கு,

பென்சில் போட்ட தாள்கள் இத்துடன். எட்டாம் அத்தியாயத்தில் மழை அளவுக்கு மீறிப் பெய்கிறது, பாதியை நிறுத்திவிடு.

ஒன்று கேட்க வேண்டும். ஏழாம் அத்தியாயத்தில் அந்தப் பெண் மதியச் சாப்பாட்டைப் பள்ளிக் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறாளே, அது துரும்பா? கடிதத்தில் 'நன்றாகச் சாப்பிடுகிறாள்', அத்தியாயத்தில் இப்படி. நான் எதை நம்புவது? இங்கே ஆய்வகத்தில் நாள் முழுக்க யார் யார் ரத்தத்தையோ கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு சொட்டு போதும், யாருக்கு என்ன என்று சொல்லிவிடுவேன். என் பெண்ணுக்கு என்ன என்றுதான் தெரியவில்லை. அவள் அப்பா பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்புவதோடு சரி. இவ்வளவு தூரத்தில் இந்த மூன்று வருட வேலையை ஒப்புக்கொண்டதே நீ இருக்கிறாய் என்ற தைரியத்தில்தான்.

ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டால் "எல்லாம் சூப்பர்மா" என்கிறாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

உன் தங்கை


ஜூன் 24

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை வாசித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். அது நாவல். கழிப்பறையில் உட்கார்ந்து சாப்பிட்டது உன் மகள் இல்லை, நான். பத்தாம் வகுப்பில், இரண்டு மாதம். தோழிகள் மூன்று பேர் ஒரே நாளில் என்னோடு பேச்சை நிறுத்தினார்கள். ஏன் என்று இன்றுவரை தெரியாது. நீ அடுத்த கட்டடத்தில் ஆறாம் வகுப்பு. உன்னிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஒவ்வொரு புத்தகத்துக்கும் இதே பாடு. ஐந்தாவது நாவல் வந்தபோது மாடி வீட்டு அம்மாள் மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதில் வரும் கணக்கு டீச்சர் அவர்தானாம். அவர் பல் டாக்டர். 'இது யார், அது யார்' என்று கேட்காத ஆளில்லை. 'இதையெல்லாம் நீயே யோசித்தாயா' என்று ஒருவர், ஒரே ஒருவர், கேட்டதுண்டா?

ஆனால் உன் கடைசி வரி என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. உன்னிடம் 'சூப்பர்' என்கிறாளா? என்னிடம் அது அப்பாக்களின் சொல் என்றவள் ஆயிற்றே. அதை மனதில் போட்டு உருட்டிக்கொண்டே நாலு நாள் வீட்டைச் சுற்றி வந்தேன். ஐந்தாம் நாள் காலை ஆறு மணிக்கு உட்கார்ந்தவள் மத்தியானம் எழுந்தபோது ஒன்பதாம் அத்தியாயம் முடிந்திருந்தது. பதிப்பாசிரியருக்கு அனுப்பினேன். இத்தனை வருடத்தில் முதன்முறையாக அவராகப் போன் செய்து, "இவதாம்மா. இந்தப் பொண்ணத்தான் பதினோரு புத்தகமாத் தேடிக்கிட்டிருந்தேன்" என்றார்.

இத்துடன் வைத்திருக்கிறேன். பென்சிலைச் சீவி வைத்துக்கொள்.

உன் அக்கா


ஜூலை 8

அக்கா,

ஒன்பதாம் அத்தியாயத்தில் நான் பென்சிலே வைக்கவில்லை.

அம்மாவின் ஞாயிற்றுக்கிழமை போன் வருவதற்கு முன்னால் அந்தப் பெண் முகம் கழுவுகிறாள். ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிறாள். சுவரைப் பார்த்து 'ஹலோ'வை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்து, அதில் சந்தோஷமாக இருப்பதைப் பொறுக்கி எடுத்துக்கொள்கிறாள். பேசி முடித்த பிறகு அதே சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள்.

இதைப் படித்துவிட்டு எப்படிச் சும்மா இருப்பேன்? அடுத்த ஞாயிறு அவளிடமே கேட்டுவிட்டேன், "நீ தண்ணி குடிச்சிட்டுத்தான் எங்கிட்டப் பேசறியா?" என்று.  "யார் சொன்னா?" என்றாள். பெரியம்மா எழுதியிருக்கிறாள் என்றேன். வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. டெஸ்ட் இருக்கிறது என்று ஒரு வரிச் செய்தி மட்டும் வந்தது.

அந்த அத்தியாயத்தை எடுத்துவிடு.

தங்கை


ஜூலை 18

தங்கச்சி,

என்ன காரியம் செய்துவிட்டாய். அச்சில் வராததை வாசிப்பவள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். முப்பது வருடமாக உனக்குத் தெரியாததா?

அவள் போனை வைத்த கையோடு நேராக என் அறைக்கு வந்தாள்.

"கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டீங்களா பெரியம்மா?"

இல்லை, நானாக யோசித்தது என்றேன்.

"அந்த டம்ளர் தண்ணிகூடவா?"

அதுவும்தான். தொண்டை அடைத்தால் யாரும் தண்ணீர்தானே குடிப்பார்கள் என்றேன். ஒரு சிரிப்புச் சிரித்தாள். அந்த மாதிரிச் சிரிப்பை அவளிடம் நான் கேட்டதில்லை. "நல்லா எழுதறீங்க" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அன்றிலிருந்து அவள் அறைச் சாவித் துவாரத்தில் பஞ்சு. எதைக் கேட்டாலும் 'பரவாயில்ல'. வாங்க வேண்டிய சாமானைக் குறித்துக்கொள்ள நான் பேனாவை எடுத்தால்கூடப் பேச்சை நிறுத்திவிடுகிறாள். நேற்றுச் சாப்பாட்டு மேஜையில் பள்ளி விடுதிக்கான விண்ணப்பம் கிடந்தது. உன் கையெழுத்து ஒன்று, என் கையெழுத்து ஒன்று வேண்டும். உனக்கு அனுப்பச் சொன்னாள், அனுப்புகிறேன்.

என் எரிச்சலை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? இத்தனை காலம் என் பெண்கள் நிஜம்போல இல்லை என்றார்கள். ஒருத்தி நிஜமாக வந்ததும் திருடிவிட்டேன் என்கிறீர்கள். அவளிடமிருந்து நான் எடுத்தது ஒன்றே ஒன்று. கதாநாயகி ஷூ லேஸுக்கு இரண்டு முடிச்சுப் போடுவாளே, அது. அதை நீங்கள் இருவருமே கவனிக்கவில்லை.

ஒன்றை மறைக்கக்கூடாது. அவள் அப்படி வந்து நின்றபோது என் மனதில் முதலில் வந்தது இரக்கம் இல்லை. 'சரியாகப் பிடித்துவிட்டேன்' என்றுதான் இருந்தது. என் முகத்தில் அது தெரிந்திருக்கும்.

அக்கா


ஜூலை 28

அக்கா,

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். அவளைப் பார்த்துக்கொள்ளத்தான் உன்னிடம் விட்டேன், பார்த்து எழுதுவதற்கு இல்லை.

நீயாக யோசித்தாய் என்பதை நான் நம்பவில்லை. ஏன் என்றும் சொல்கிறேன். அந்த அத்தியாயத்தைப் படித்ததும் நான் முதலில் நினைத்தது அவளை இல்லை. போன வருடம் நீ இங்கே வந்து பத்து நாள் தங்கினாயே, அப்போது என்னைப் பார்த்துவிட்டாய் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் முடிந்ததும், கோட் மாட்டும் அறையில் குழாயைத் திறந்து இரண்டு வாய் தண்ணீர் குடிப்பேன். பிறகு 'துரும்பு, எப்படிடா இருக்க' என்று என் லாக்கர் கதவிடம் நாலு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் அவளைக் கூப்பிடுவேன். இரண்டு வருடமாக இப்படித்தான். என் குரல் உடைந்தால் அவள் படிப்பு போய்விடும்.

இதை அவளிடம் சொல்லிவிடாதே. அந்த அத்தியாயம் வெளியே வரக்கூடாது. இனி எனக்கு எதையும் அனுப்பாதே.

தங்கை


ஆகஸ்ட் 9, சனிக்கிழமை

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஒன்பதாம் அத்தியாயத்தை வியாழக்கிழமை நீக்கிவிட்டேன். இருபத்திரண்டு பக்கம். பத்தாவது ஒன்பதாவதாயிற்று. பதிப்பாசிரியர் வாசித்துவிட்டு, "ஏம்மா, நல்லா வளர்த்த பொண்ணு திரும்ப வந்துட்டாளே" என்றார். குரலில் கோபம்கூட இல்லை, அலுப்புத்தான். துரும்பிடம் நீக்கியதைச் சொன்னேன். "பரவாயில்ல" என்றாள். விண்ணப்பம் கொடுக்கத் திங்கட்கிழமை கடைசி நாள் என்றும் சொன்னாள்.

நீ நம்பப்போவதில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். நான் உன்னைப் பார்க்கவில்லை. நீ லாக்கரோடு பேசுவாய் என்று எனக்குத் தோன்றக்கூட இல்லை. பதினொரு புத்தகத்திலும் பிள்ளைகளுக்குத் தொண்டை அடைக்கிறது. அம்மாக்கள் மட்டும் போனை எடுத்ததும் தயாராகப் பேசிவிடுகிறார்கள். நானாக யோசித்தேன் என்று இவ்வளவு சண்டை போட்டேனே, பாதிதான் யோசித்திருக்கிறேன்.

உன் கடிதமும் விண்ணப்பமும் ஒரே உறையில் வந்தன. மூன்று நாளாக இரண்டும் என் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. நாளை ஞாயிறு. பத்து மணிக்கு நீ கூப்பிடுவாய். அவள் போனை மேஜையில் வைத்து, அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள். நான்கு வாரமாக இதுதான் நடக்கிறது. அவளுக்கு நீ சொல்ல மாட்டாய், உனக்கு அவள் சொல்ல மாட்டாள். நடுவில் என்னைத் திட்டுவதில் மட்டும் இருவருக்கும் ஒற்றுமை.

யாரிடமும் சொல்லவில்லை. நாளை ஒன்பதரை மணிக்கு அவள் அறைக் கதவுக்கு அடியில் ஒரு தாளைத் தள்ளப்போகிறேன். விண்ணப்பத்தை இல்லை, அதில் என் கையெழுத்துத் திங்கட்கிழமைவரை காத்திருக்கட்டும். உன் கடிதத்தை. 'அவளிடம் சொல்லிவிடாதே' என்ற வரியைக்கூட மடித்து மறைக்காமல், அப்படியே. எடுக்காததற்கு எனக்குத் திருடிப் பட்டம் கொடுத்தீர்கள். நாளை அதற்குத் தகுதியாகிவிடுகிறேன்.

பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவேன், பதினொரு மணிவரை. அவள் எடுத்தாளா, என்ன குரலில் எடுத்தாள் என்பதெல்லாம் எனக்குத் தெரிய வேண்டாம். தெரிந்தால் எழுதிவிடுவேன்.

இந்தக் கடிதத்தைத் திங்கட்கிழமைதான் தபாலில் போடுவேன்.

உன் அக்கா